பிள்ளைகள் பார்த்த பேயை நான் ஏன் பார்க்கவில்லை?

கோலாலம்பூரில் இருந்து 43 வயது தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கண் மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பள்ளி விடுமுறையில் கணவர், 12 வயது மகன், 9 வயது மகள் ஆகியோரோடு ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். அங்கே தண்டவாளத்தில் சிறு வண்டி ஓடும் இருட்டுச் சவாரி ஒன்று. பிள்ளைகள் பாஷையில் பேய் ரயில். ஐந்து நிமிடச் சவாரியில் இவருக்குத் தெரிந்தவை இரண்டே: நுழைந்ததும் வெளியேறும் வழியைக் காட்டும் ஒரு பச்சை விளக்கு, முடியும் இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு. நடுவில் முழுக்கக் கறுப்பு. பிள்ளைகளோ, “அம்மா, அந்தக் கிழவி தலையைத் திருப்பிப் பார்த்தாளே!”, “சிலந்தி உங்க தலைக்கு மேலேயே தொங்கிச்சே!” என்று வீடு வரும்வரை பேசித் தீர்த்தார்களாம். கணவரும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இறங்கும்போது மேடைக்கும் தரைக்கும் நடுவில் இருந்த ஒரு படி தெரியாமல் இவர் விழுந்து, முழங்கால் சிராய்த்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது.

“உங்கள் சவாரியில் பாதி விளக்கு எரியவில்லை” என்று பூங்காவுக்குப் புகார் எழுதினார். சோதித்துப் பார்த்தோம், எல்லா விளக்கும் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. மூடி மறைக்கிறார்கள் என்று இவருக்குக் கோபம். கணவர் வேறு, “உனக்கு இருட்டுன்னாலே பயம், கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பே” என்று சிரித்திருக்கிறார்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது கடிதத்தின் கடைசிப் பக்கம். இரண்டு மூன்று வருடமாக இரவில் கார் ஓட்டச் சிரமமாக இருக்கிறது. மழை பெய்தால் சாலைக் கோடே தெரிவதில்லை. தைப்பூசத்தன்று இரவு பத்துமலை ஆற்றங்கரைப் பக்கம் விளக்கு குறைந்த இடத்தில் கணவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அவருடைய அம்மாவும் பொழுது சாய்ந்தால் வீட்டைவிட்டு இறங்க மாட்டாராம். பாட்டி அதை மாலைக்கண் என்பாராம். அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. கண்ணாடிக்கடையில் சோதித்துப் பார்வை அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டதால், இது சத்துக்குறைவுதான் என்று தானே முடிவு செய்து, இரண்டு மாதமாக வைட்டமின் ஏ மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெயும் தினமும் சாப்பிட்டு வருகிறார்.

அவர் கேட்பவை மூன்று. பூங்கா மீது நடவடிக்கை எடுக்கலாமா? மாத்திரை போதுமா? மகனும் விளக்கை அணைத்தால் நாற்காலியில் முட்டிக்கொள்கிறான், அவனுக்கும் இது வருமா?

சகோதரி, முதலில் உங்கள் கணவர் சொன்னதை ஓரமாக வைப்போம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கின்றன. பிரகாசமான இரண்டும் தெரிந்து, மங்கலானவை எல்லாம் விட்டுப்போனது பயத்தால் வருவதில்லை. அதே சமயம் பூங்கா அனுப்பிய பதிலும் உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே வண்டியில், ஒரே வரிசையில் உட்கார்ந்த மூன்று பேர் கிழவியைப் பார்த்திருக்கிறார்கள். கிழவி மேல் வெளிச்சம் இருந்தது. அது உங்கள் கண்ணுக்கு வந்து சேரவில்லை.

அந்தச் சவாரியில் வெளிச்சம் வைக்கும் விதம்

இருட்டுச் சவாரி என்பது விளக்கு இல்லாத இடம் கிடையாது. சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்துவிட்டு, பார்க்க வேண்டிய பொம்மை மேல் மட்டும் மறைவாக ஒரு சிறு விளக்கை விழ வைப்பார்கள். கறுப்புச் சுவர் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பாது. அதனால்தான் பக்கத்தில் ஓடும் கம்பியும் தண்டவாளமும் கண்ணில் படுவதில்லை. இதற்கு மேல் புற ஊதா விளக்குகள் இருக்கும். புற ஊதா ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் ஒளிரும் சாயம் பூசிய பொருள் மேல் பட்டால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறித் திரும்பும். 1930-களில் கலிபோர்னியாவில் அந்தச் சாயத்தை உருவாக்கியவர்கள் சுவிட்சர் சகோதரர்கள். அவர்களில் ராபர்ட் என்பவர் விபத்தில் அடிபட்டுப் பார்வை பாதிக்கப்பட்டு, இருட்டறையில் ஓய்வில் இருந்த காலத்தில் தொடங்கிய வேலை அது. கண் மருத்துவராக எனக்கு மறக்க முடியாத செய்தி.

உங்கள் மகள் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தாளா? சவர்க்காரத் தூளில் துவைத்த வெள்ளைத் துணி புற ஊதா விளக்கின் கீழ் நீலமாகப் பளிச்சிடும். அவள் சட்டை அப்படி மின்னியதா என்று கணவரைக் கேளுங்கள். அவர் ஆமாம் என்று சொல்லி, நீங்கள் அதைக் கவனித்ததாக நினைவே இல்லை என்றால், அதையும் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி அளவு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். நண்பகல் வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். நீங்கள் பாடம் நடத்தும் வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் நல்ல வெளிச்சம். பௌர்ணமி நிலவு தரையில் விழுவது கால் லக்ஸ் அளவுதான். சவாரியில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடைப்பட்ட வளைவுகளில் நிலா வெளிச்ச அளவோ அதற்கும் கீழோ இருக்கலாம். நல்ல கண் இந்த மொத்த வீச்சையும் சமாளிக்கும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். வெயிலில் 272 படி ஏறிப் பத்துமலைக் குகைக்குள் நுழையும்போது முதல் நிமிடம் யாருக்கும் சரியாகத் தெரியாது. கொஞ்சம் நின்றால் சுவர், கூரை, சிலை என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். கண்ணில் பகலுக்கான கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் இருட்டுக்குப் பழகிவிடும். இரவுக்கான குச்சி செல்கள் முழுதாகப் பழக 30 முதல் 40 நிமிடம் ஆகும்.

சவாரியே ஐந்து நிமிடம்தானே, எனக்குப் பழக நேரம் போதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் வெயிலில் இருந்து உள்ளே போகவில்லை. பேரங்காடி வெளிச்சத்தில் இருந்து, மங்கலான வரிசையில் நின்று, அப்புறம்தான் வண்டியில் ஏறினீர்கள். அப்படிப் போகும்போது நல்ல கண் சில நிமிடங்களிலேயே பெருமளவு பழகிவிடும். பிள்ளைகளோடு உங்களை ஒப்பிட வேண்டாம். வயது ஏற ஏறக் கண்மணி சிறுத்து, கண் வில்லை மஞ்சளாகி, உள்ளே போகும் வெளிச்சம் குறையும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதில் கிடைத்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். ஒப்பிட வேண்டியது கணவரோடு. ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர், அதே வரிசையில் நின்றவர், அதே வண்டியில் இருந்தவர். அவருக்குத் தெரிந்தது, உங்களுக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக்கடைச் சோதனை எதைச் சொல்லவில்லை

பார்வை அருமை என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. நல்ல வெளிச்சத்தில், நேரே எதிரில் இருக்கும் எழுத்துகளை உங்களால் படிக்க முடிகிறது என்பதுதான் அதன் பொருள். அதைப் படிப்பது விழித்திரையின் நட்ட நடுவில் இருக்கும் கூம்பு செல்கள். அந்த நடுப்புள்ளியில் குச்சி செல்களே இல்லை. இரவுப் பார்வையைத் தருகிற குச்சி செல்கள் சுற்றி இருக்கும் பரப்பில் இருப்பவை. அந்தப் பரப்பு நன்றாக இருக்கிறதா என்று எழுத்துப் பலகை சொல்லாது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு லோரி ஓட்டுநர் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்தார். ஆனால் அவருடைய பக்கவாட்டுப் பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல் சுருங்கிப் போயிருந்தது. தினமும் போகும் பாதையை மனப்பாடம் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியாது என்பதுதான் எனக்கு இன்னமும் மனதை உறுத்துகிறது.

இருட்டில் பார்வை குறையப் பல காரணங்கள் உண்டு. கிட்டப்பார்வைக் கண்ணாடியின் பவர் போதாமல் இருக்கலாம். அதுதான் இருப்பதிலேயே எளிது. ஆரம்பநிலைக் கண்புரை, கண் அழுத்த நோய் ஆகியவையும் காரணமாகலாம். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கலாம். 2023-ல் மலேசியா முழுவதும் நடந்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நம் இந்தியர்களிடையே அது அதிகம். சர்க்கரை பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. சோதித்து எத்தனை நாள் ஆகிறது? வெயிலில் கறுக்கும் கண்ணாடி போடுகிறவராக இருந்தால், அது வெளுக்கச் சில நிமிடம் ஆகும், புற ஊதா விளக்கின் கீழ் மறுபடி லேசாகக் கறுக்கவும் கூடும். இதுவும் விசாரிக்க வேண்டியதுதான்.

ஆனால் அம்மாவின் மாலைக்கண், பெற்றோரின் இரத்த உறவுத் திருமணம், வருடக்கணக்கில் மெல்ல மோசமாகும் இரவுப் பார்வை, பகலில் தெளிவான எழுத்துப் பார்வை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நான் முதலில் விலக்க நினைப்பது பரம்பரையாக வரும் விழித்திரை நோயை. நாங்கள் அதை ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்போம், சுருக்கமாக ஆர்.பி. உலகளவில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு வரும். குச்சி செல்கள் முதலில் அழியும், அதனால் இரவுப் பார்வை முதலில் போகும். பிறகு பக்கப் பார்வை சுருங்கும். நடுப்பார்வை பல காலம் தாக்குப்பிடிக்கும். உங்களுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று உறுதி செய்யும்வரை இருக்கலாம் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான் போய் நடந்ததை எல்லாம் சொல்லி, அரசாங்க மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் ‘இரவுப் பார்வைக் குறைவு, அம்மாவுக்கும் உண்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். கண் மங்கல் என்று மட்டும் எழுதினால் நீண்ட வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள். பொதுமக்களுக்கே கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரிடம் 5 ரிங்கிட்தான். நீங்கள் அரசாங்க ஆசிரியை என்றால் அதுவும் இல்லை. கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பது, பக்கப் பார்வைச் சோதனை, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஆகியவை முதலில் நடக்கும். சந்தேகம் இருந்தால், குச்சி செல்கள் வெளிச்சத்துக்கு எப்படி மின்துடிப்புத் தருகின்றன என்று அளக்கும் இ.ஆர்.ஜி. சோதனை செய்வார்கள். அதை இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணை இருட்டுக்கு நன்றாகப் பழகவிட்டுத்தான் தொடங்குவார்கள். பேய் ரயில் அரைகுறையாகச் செய்த அதே சோதனைதான், இங்கே ஒழுங்கான அளவோடு.

ஒருவேளை ஆர்.பி. என்றே தெரிந்தாலும், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இழந்த செல்களைப் பொதுவாக மீட்க முடியாதுதான். ஆனால் அதோடு சேர்ந்து வரும் கண்புரைக்கும் விழித்திரை வீக்கத்துக்கும் சிகிச்சை உண்டு. ஆர்.பி.இ.65 என்ற ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறுக்கு 2017-ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சையே அனுமதி பெற்றது. அது சிலருக்கு மட்டும்தான் பொருந்தும். எந்த மரபணு என்று தெரிந்துகொள்வது முக்கியமாவது அதனால்தான்.

மாத்திரையை நிறுத்துங்கள்

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாலைக்கண் என்றதும் வைட்டமின் ஏ, கேரட், முருங்கைக்கீரை என்று நம் வீடுகளில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உணவு கிடைக்காத காலத்தில், உணவு கிடைக்காத குழந்தைகளுக்கு அது சரியான மருந்து. மூன்று வேளையும் சாப்பிடுகிற, ஈரல் நோயோ குடல் அறுவைச் சிகிச்சையோ இல்லாத 43 வயதுப் பெண்ணுக்கு அந்தக் குறைபாடு வருவது அரிது. மாறாக, இந்தச் சத்து உடம்பில் தங்கிவிடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராம் உச்ச வரம்பு. மாத்திரை ஒரு பக்கம், ஈரல் எண்ணெய் ஒரு பக்கம் என்று சேர்த்தால் நீங்கள் அதைத் தாண்டியிருக்கலாம். ஈரல் கெடும், தலைக்குள் அழுத்தம் ஏறும், கர்ப்பமானால் சிசுவைப் பாதிக்கும். பரம்பரை விழித்திரை நோய்களில் சிலவற்றை வைட்டமின் ஏ மோசமாக்கவும் செய்யும். எந்த நோய் என்றே தெரியாமல் மருந்தைத் தொடங்குவதில் இருக்கும் ஆபத்து இதுதான். கீரையும் பப்பாளியும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அவற்றால் கெடுதல் இல்லை. மாத்திரைப் புட்டியை மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சோதனை முடியும்வரை இரவில் கார் ஓட்டாதீர்கள். மழை நாளில் மாலை ஆறரைக்கும் வேண்டாம். டியூஷன் வகுப்பு நேரத்தை மாற்றுவது, கணவர் வந்து அழைத்துப் போவது, கிராப் வாடகைக் கார் எடுப்பது எல்லாம் சிரமம் என்று தெரியும். ஆனால் நீங்கள் பார்க்காமல் விடப்போவது இனி பொம்மைக் கிழவியாக இருக்காது. சாலையைக் கடக்கும் உண்மையான ஒரு பாட்டியாக இருக்கலாம்.

விழுந்த அந்தப் படி

பூங்கா விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. சவாரிக்குள் இருக்கும் இருட்டு வேறு, இறங்கி நடக்கும் இடத்தின் இருட்டு வேறு. முதலாவது காட்சிக்காகச் செய்தது. காசு கொடுத்து அதைத்தான் வாங்கினீர்கள். ஆனால் கால் வைத்து நடக்கும் இடத்தில் இருட்டுக்கு வேலை இல்லை. ஐரோப்பியத் தரவிதி ஒன்று, அவசர நேரத்தில் மின்சாரம் போனாலும் தப்பிக்கும் பாதையின் நடுக்கோட்டில் குறைந்தது 1 லக்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து நிமிடம் இருட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களை ஒரு படியில் இறக்குகிறார்கள் என்றால் அந்தப் படி விளிம்பில் ஒளிரும் பட்டை ஒட்டுவதோ, ஒரு பணியாளர் டார்ச்சோடு நிற்பதோ பெரிய செலவு கிடையாது.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1984 மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பூங்காவின் பேய் மாளிகையில் தீப்பிடித்து எட்டு இளம் வயதினர் இறந்தார்கள். விளக்கு வேலை செய்யாத ஒரு வளைவில் வழி தெரியாமல் யாரோ சிகரெட் லைட்டரைக் கொளுத்தியதில் சுவரில் இருந்த நுரைப்பஞ்சு பற்றிக்கொண்டது என்றுதான் விசாரணையில் பேசப்பட்டது. நடக்கிற இடத்தில் வெளிச்சம் வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

வழக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கொண்டு வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயம் உடல் காயத்துக்கான கோரிக்கைகளை விசாரிப்பதில்லை. அதற்குச் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். தீபகற்ப மலேசியாவில் அதற்குப் பொதுவாக ஆறு ஆண்டுக் கால வரம்பு உண்டு. அங்கே போனால் உங்கள் கண் நிலையைப் பற்றியும் கேள்வி வரும். மணிக்கட்டு சரியாகிவிட்டதா? சரியாகிவிட்டது என்றால், என் யோசனை இரண்டாவது கடிதம் ஒன்று. விளக்கு எரியவில்லை என்ற பழைய குற்றச்சாட்டை விட்டுவிடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் நியாயமான புகாரும் சேர்ந்து அடிபட்டுப் போகும். எந்த நாள், எந்தப் படி, எப்படி விழுந்தீர்கள், கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எழுதி, படி விளிம்பில் பட்டை ஒட்டும்படியும், இருட்டில் பார்வை குறைந்தவர்கள் ஏறும் முன் பணியாளரிடம் சொல்லலாம் என்று அறிவிப்புப் பலகையில் சேர்க்கும்படியும் கேளுங்கள். நுழைவுச் சீட்டையும் கிளினிக் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மறுபடி அப்படி ஒரு சவாரிக்குப் பிள்ளைகள் இழுத்தால் போங்கள், தடையில்லை. வரிசையில் நிற்கும்போதே கைப்பேசித் திரையைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இருட்டுக்குப் பழகிய கண் பின்னோக்கிப் போகும். மங்கலான உருவத்தை நேரே உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள். கணவரை முதலில் இறங்கச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

மகன்

அவன் கிழவியையும் பார்த்தான், சிலந்தியையும் பார்த்தான் என்பது ஆறுதலான செய்தி. விளக்கை அணைத்த மறு நொடி நாற்காலியில் முட்டுவது எந்தப் பிள்ளைக்கும் நடக்கும். ஆனாலும் இந்த நோய் பத்து, பதினைந்து வயதிலும் தலைகாட்டலாம் என்பதால் அவனையும் ஒரு முறை காட்டுவதே நல்லது, மகளையும்தான். பரம்பரையாக இது மூன்று விதமாக இறங்கும். ஒரு விதத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்னொன்றில் தாய் தகப்பன் இரண்டு பேரும் அதே கோளாறைச் சுமந்தால்தான் வரும். உங்கள் கணவர் உறவுக்காரர் இல்லை என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றாவதில் பெண்கள் சுமப்பார்கள், ஆண் பிள்ளைகளைத்தான் அதிகம் பாதிக்கும். உங்கள் குடும்பத்தில் எது என்பதை உங்கள் சோதனை முடிவு வந்த பிறகுதான் சொல்ல முடியும். அதற்குள் உங்கள் அம்மா தாய்மாமனைக் கட்டியதை வைத்து யாரும் அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவருக்கும் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். இத்தனை வருடம் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் இருந்தவரிடம் ஏன் என்று ஒரு மருத்துவரும் கேட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

சோதனை நாளன்று கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரம் எல்லாம் மங்கலாகவும் கூசலாகவும் இருக்கும், கார் ஓட்ட முடியாது. கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கப் பார்வைச் சோதனையின் படத்தை மருத்துவர் விளக்கும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.